இரண்டு கதவு வண்டியும் இரண்டு பொட்டலமும்

கோமதி அம்மன் படத்துக்கு முன்னால் இரண்டு பொட்டலம் இருந்தன. ஒரே அளவு, ஒரே மடிப்பு. என் மகள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றாள். ஜனவரி மாதத்து டெல்லி. மொசைக் தரையில் கால் வைக்க முடியவில்லை. என் மனைவி செண்பகம் ஹீட்டரை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"எடுக்கட்டுமா பா?"

"அம்மனை நெனச்சுட்டு எடு."

அவள் கண்ணை மூடவில்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். பிரித்தேன். உள்ளே வெள்ளை நந்தியாவட்டை.

"வெள்ளை வண்டி," என்றேன். "அம்மன் உத்தரவு ஆயிட்டு."

என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் இப்போது நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

இந்தப் பக்கத்தை முதல் வாரத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். இந்த வாரம்தான் புரட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன். சங்கரன்கோவில்காரன். பத்தாம் வகுப்பு தேறவில்லை. டெல்லி சர்க்கார் ஆபீசில் டிரைவராகச் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. லோதி ரோடு பக்கம் குவார்ட்டர்ஸ். ஒரே மகள், பெயர் கோமதி. வீட்டில் கோமு. இந்தக் கதை நடந்தது இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால்.

கோமுவின் ஆசை

கோமு யமுனைத் தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். ஆற்றில் பல இடங்களில் புட்டியில் தண்ணீர் பிடித்து, எது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கிற படிப்பு. "எல்லாம்தான் கெட்டுக் கெடக்கே, இதில கண்டுபிடிக்க என்ன இருக்கு" என்று செண்பகம் கேட்பாள். "அம்மா, எவ்வளவுன்னு சொல்லணும்ல" என்பாள் இவள். படிப்பதற்கு மாதாமாதம் ஸ்டைபெண்டு வருகிறது. அதில் சேர்த்து வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோசை சாப்பிட்டுக்கொண்டே, கார் வாங்கப் போகிறேன் என்றாள்.

நல்லதுதான் என்று நினைத்தேன். தண்ணீர் புட்டிப் பெட்டியோடு ஏறினால் ஆட்டோக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று சொல்லியிருந்தாள். எந்த வண்டி என்று கேட்டேன். போனைக் காட்டினாள்.

இரண்டு கதவு. தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது. பின்னால் தேய்த்து இழுத்துவிட்ட மாதிரி ஒரு சரிவு. கூப்பே என்று சொல்வார்களாம். டெல்லியில் பெரிய இடத்துப் பிள்ளைகள் உறுமிக்கொண்டு போவார்களே, அந்த ஜாதி.

"இது படிக்கிற பிள்ளை வாங்குத வண்டியா?" என்றாள் செண்பகம்.

"பழசும்மா. பழசானா டெல்லியில சஸ்தாவா கொடுத்துடுவாங்க."

அது உண்மை. இங்கே பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வருஷம்தான் என்று கெடு இருக்கிறது. கெடு நெருங்க நெருங்க, ஒரு காலத்தில் மினுமினுப்பாகத் திரிந்த வண்டியெல்லாம் படிக்கிற பிள்ளை கைக்கு எட்டுகிற விலைக்கு இறங்கி வந்துவிடும்.

"பின்னாடி ஆளு எப்படி உக்காரும்? கால் வைக்க இடமில்லையே," என்றேன்.

"யாரு உக்காரணும்? நீதான் முப்பது வருஷமா பின்னாடி ஆள் வச்சு ஓட்டியாச்சே. நம்ம வண்டிலயும் எதுக்கு?"

சொல்லிவிட்டு அவள் சட்னி கேட்டாள். நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

கரோல் பாக்

பழைய வண்டிக் கடைகள் கரோல் பாகில் வரிசையாக இருக்கின்றன. மெட்ரோவில் போனோம். கடைக்காரருக்கு என்னைவிட வயது குறைவு. நான் அவரை இந்தி வழக்கப்படி பையா, அதாவது அண்ணா, என்றேன், அவர் என்னை அங்கிள்ஜி என்றார். அவரிடம் கூப்பே இரண்டு இருந்தன.

ஒன்று சிவப்பு. பதிமூன்று வயது. ஓரத்தில் நாலு வண்டிக்குப் பின்னால் நின்றது. பம்பரில் கீறல். பானெட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சினை ஓட விட்டேன். ஒரு நிமிஷம் கேட்டேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. கோமு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்று வெள்ளை. எட்டு வயது. கடை வாசலில், மெழுகு போட்டு, கண்ணாடி மாதிரி. உள்ளே மல்லிகை வாசனைக் குப்பி தொங்கியது. அன்றைக்குக் கூட்டம். வேறு ஒரு குடும்பம் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் டயரைப் பார்த்தேன், எண்ணெய் பார்த்தேன். மீதியை அடுத்த தடவை வந்து பார்க்கிறேன் என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

"அச்சா அங்கிள்ஜி. ஆனா ஜல்தி. இது நிக்காது," என்றார்.

இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். அவள் கையில் இருந்ததோடு நான் கொஞ்சம் போட்டால் சரியாகிவிடும்.

மெட்ரோவில் திரும்பும்போது கோமு சிவப்பு என்றாள். நான் வெள்ளை என்றேன். சிவப்புக்கு டெல்லியில் இன்னும் இரண்டு வருஷம்தான், வெள்ளைக்கு ஏழு வருஷம், கணக்கு அவ்வளவுதானே என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. இந்த ஊர் ரோட்டில் முப்பது வருஷம் ஓட்டியவன் நான். சிவப்பு வண்டியில் ஒரு பெண் தனியாகப் போனால், சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கிற வண்டிக்காரன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். அதைப் பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் வருஷக் கணக்கு மட்டும் சொன்னேன்.

பூ கட்டிப் பார்ப்பது

எங்கள் பக்கத்தில் முடிவு எட்டாத காரியம் என்றால் பூ கட்டிப் பார்ப்பார்கள். சிவப்பு அரளி ஒரு தாளில், வெள்ளைப் பூ ஒரு தாளில். ஒன்றுபோல மடித்துச் சாமி முன்னால் வைத்து, எதில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒருவரை எடுக்கச் சொல்வது. வந்த பூ சாமி வாக்கு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. செடி மூட்டிலோ ஓடுகிற தண்ணீரிலோ போட்டுவிட வேண்டும்.

நான் டெல்லிக்கு வந்ததே அப்படித்தான். தறி ஓட்டுவதா, டெல்லிக்குப் போவதா என்று என் அப்பா பூ கட்டினார். சிவப்பு வந்தது. சிவப்பு என்றால் டெல்லி. ரயிலில் குளிருக்குப் போர்த்த ஒன்றும் இல்லாமல் நடுங்கியபோதுகூட, அம்மன் சொல்லி வந்தவன் என்ற தைரியம் எனக்கு இருந்தது. கல்யாணத்துக்கும் அப்படித்தான். செண்பகத்துக்கு வெள்ளை வந்தது. "எனக்கு யாரும் கட்டிப் பாக்கல" என்று அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

ஒரு வாரம் வீட்டில் பேச்சு சரியில்லாமல் போனபோது நான்தான் சொன்னேன். "ஏ பிள்ளே, பூ கட்டிப் பாத்துருவோம். அம்மன் என்ன சொல்லுதாளோ அது."

கோமு கோயிலுக்கு வருவாள், நிற்பாள், திருநீறு பூசிக்கொள்வாள். எவ்வளவு நம்புகிறாள் என்று நான் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்து, "டீக் ஹை பா, சரி. என்ன வந்தாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கீழே போய்ப் பூ பறித்தேன். எங்கள் குவார்ட்டர்ஸ் வேலியோரம் அரளி உண்டு, நந்தியாவட்டையும் உண்டு. இரண்டையும் பறித்துக்கொண்டுதான் மேலே வந்தேன். அதை அம்மன் அறிவாள். பொட்டலம் கட்டத் தாள் தேடினேன். கோமு அச்சடித்து வீணாய்ப்போன ஆராய்ச்சித் தாள் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். முதல் தாளில் நந்தியாவட்டை. இரண்டாவது தாளை விரித்து வைத்து, கையில் அரளியோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அதிலும் நந்தியாவட்டையே வைத்தேன்.

அரளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எது எடுத்தாலும் வெள்ளை. மகள் நல்லதுக்குத்தானே என்று மனசுக்குள் சொன்னேன். அம்மன் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் எடுத்தாள், வெள்ளை வந்தது, மேலே சொல்லிவிட்டேன். எடுக்காத பொட்டலத்தைத் துளசித் தொட்டியில் போடச் சொன்னேன். அதற்குள் ஆபீசர் போன் வந்தது. ஏர்போர்ட் போகணும், உடனே வா என்றார். போய்விட்டேன். சட்டைப் பையில் இருந்த அரளி சாயங்காலம் வரைக்கும் என்னோடு ஊரெல்லாம் சுற்றியது.

ஒரு பழைய பெல்ட்

நடுவில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வெகு காலத்துக்கு முன்னால் நான் ஓட்டிய ஆபீசர் ஒருவர், மும்பையிலிருந்து வந்த பழைய கார் ஒன்றைச் சொந்தத்துக்கு வாங்கினார். மூன்றே மாதத்தில் விளக்கு எரியவில்லை, ஜன்னல் இறங்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றது. நான்தான் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பானெட்டைத் திறக்கவேயில்லை. டிரைவர் சீட்டு பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரைக்கும் இழுத்தார். கடைசி முழத்தில் காப்பிக்கறை போல ஒரு கோடு.

வெள்ளத்தில் முங்கின வண்டி. சீட்டைக் கழுவிவிடலாம், கம்பளத்தை மாற்றிவிடலாம், வாசனை அடித்துவிடலாம். சுருண்டு உள்ளே போன பெல்ட்டை யாரும் நினைப்பதில்லை என்றார்.

அதிலிருந்து நான் எத்தனையோ பேருக்கு வண்டி பார்த்துக் கொடுத்திருக்கிறேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நாங்கள் அப்பளம் வாங்குகிற கடைக்காரருக்குக்கூட. எல்லோருக்கும் முதல் வேலையாகப் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன்.

என் மகள் வண்டிக்குப் பார்க்கவில்லை. மீதியை அடுத்த தடவை பார்க்கிறேன் என்று சொல்லி வந்தவன், அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, இனி என்ன பார்க்க இருக்கிறது என்று இருந்துவிட்டேன். அம்மன் சொன்னதாக வீட்டில் சொல்லிச் சொல்லி, ஆபீசில் இரண்டு பேரிடமும் சொல்லி, நாலு நாளில் எனக்கே அது அம்மன் சொன்னதுதான் என்று ஆகிவிட்டது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

கடைசி முழம்

வண்டி எடுக்க மூன்று பேரும் போனோம். செண்பகம் எலுமிச்சம்பழம், கற்பூரம், ஒரு முழம் மல்லிகை எல்லாம் கொண்டுவந்திருந்தாள். கடைக்காரர் தட்டில் லட்டு வைத்திருந்தார். கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டுப் பணத்தைக் கொடுக்கலாம் என்று கோமு சொன்னாள். "நீ ஓட்டு பா முதல்ல."

உட்கார்ந்தேன். ஸ்வெட்டருக்கு மேல் ஜாக்கெட் போட்டிருந்தேன். பெல்ட்டை இழுத்தால் பாதியில் பிடித்தது. விட்டு இழுத்தேன். மறுபடியும் பிடித்தது. மூன்றாம் தடவை நிதானமாக இழுத்தேன். சரசரவென்று கடைசி வரைக்கும் வந்துவிட்டது.

கோடு இருந்தது. அதற்கு மேலே பெல்ட்டு நிறமே வேறாக இருந்தது.

பெல்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டேன். கோமு குனிந்து எட்டிப் பார்த்தாள். விரலால் சுரண்டினாள், முகர்ந்தாள்.

"இது ஆத்துச் சேறு பா," என்றாள். "தினம் பாக்கறேன்ல."

கடைக்காரர் வந்தார். பார்த்தார். அவர் முகம் மாறவில்லை. "அங்கிள்ஜி, டெல்லியில எந்த வண்டி நனையல? மழையில ரோட்ல நின்னா நாமளும்தான் நனையறோம்."

"சீட்டு உயரத்துக்கா பையா நனையறோம்?" என்றேன்.

"வேணும்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம்."

நான் இறங்கினேன். வேண்டாம், போகலாம் என்றேன். கோமு நகரவில்லை.

"ஏன்? வாங்கலாம் பா. குறைக்கறேங்கறார். சரி பண்ணிக்கலாம்."

"என்னத்த சரி பண்ண? இது முங்கின வண்டி. நடுரோட்ல நின்னுரும். நீ தனியா இருப்ப."

"அம்மன் சொன்ன வண்டிதானே?"

அவள் குரலில் கேலி இல்லை. என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டாள். செண்பகம் பையில் இருந்த எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தபடி நின்றாள். அவளுக்கும் பதில் தேவையாக இருந்தது. அம்மன் எப்படி இதைச் சொல்வாள் என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன். என் பொய் கோமுவோடு நிற்கவில்லை, இவள் நம்பிக்கை வரைக்கும் போய்விட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

"அம்மன் சொல்லல," என்றேன். "நான்தான் சொன்னேன். ரெண்டு பொட்டலத்திலயும் வெள்ளைதான் வச்சேன்."

தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுக்க ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செண்பகம் எலுமிச்சம்பழத்தைப் பைக்குள் போட்டாள். "கோயில் பக்கம் வாங்க, இருக்கு உங்களுக்கு," என்று மட்டும் சொன்னாள். ஆனால் அவள் முகத்திலிருந்து அந்தப் பயம் போய்விட்டிருந்தது.

கோமு, "தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். துளசித் தொட்டியில போடச் சொன்னல்ல? பிரிச்சுப் பாத்தேன்."

"பிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனே."

"ரெண்டு சாம்பிள் எடுத்து, ஒண்ணை மட்டும் பாத்து ரிசல்ட் எழுதினா எங்க கைடு தூக்கிப் போட்டுருவார் பா. அதுவும் என் தாள்லயே கட்டியிருக்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏன் சொல்லல?"

தமிழில் வார்த்தை தேடுகிறபோது அவள் கை முதலில் அசையும். "நீ சாமி முன்னாடி பொய் சொல்றவன் இல்ல. அங்கயே நீ பொய் சொல்றன்னா, மத்லப், அதாவது, அந்த வண்டி உனக்கு அவ்வளவு வேணும். லைஃப்ல ஒண்ணுமே கேட்டதில்ல நீ. சரி, வாங்கிடலாம்னு நினைச்சேன்."

அவள் சேர்த்த பணம். ஆற்றோரம் நாற்றத்தில் நின்று சேர்த்தது. அதில் எனக்குப் பிடித்த வண்டி என்று நினைத்து, தனக்குப் பிடித்ததை விட்டுக்கொடுத்துத் தலையை ஆட்டியிருக்கிறாள். எனக்கு எந்த வண்டியும் வேண்டியதில்லை என்று எப்படிச் சொல்வது? சிக்னலில் வந்து நிற்கிறவனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

சொன்னேன். லட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னேன். சிவப்பு கண்ணை இழுக்கும், நீ தனியாகப் போவாய், பின்னாலேயே வருவான்கள், எனக்குத் தூக்கம் வராது. வருஷக் கணக்கெல்லாம் சும்மா சொன்னது.

அவள் முழுதும் கேட்டாள்.

"ஆட்டோலயும் வர்றாங்க பா, பின்னாடி. வெள்ளை ஸ்கூட்டில போற பொண்ணு பின்னாடியும் வர்றாங்க. எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச?" என் பக்கமாக ஒரு அடி வந்தாள். "எனக்கு எதாவது சொல்லணும்னா இனிமே நீயே சொல்லு. நான் கேப்பேன். கேக்காட்டி சண்டை போடு. அவங்களை நடுவுல நிறுத்தாத."

அவங்களை என்றது அம்மனை.

பிறகு ஓரத்தில், நாலு வண்டிக்குப் பின்னால் நின்ற சிவப்பைக் காட்டினாள். "இப்ப சொல்லு. உன் பேர்ல சொல்லு. வாங்கலாமா, வேண்டாமா?"

இந்த வயது வரைக்கும் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஆபீசர்கள் இடதா வலதா என்று சொல்வார்கள். அதற்கு முன்னால் அப்பா இருந்தார், அவருக்கு முன்னால் பொட்டலம் இருந்தது. கடைக்காரர்கூட என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெல்ட்டை இழுத்துப் பாத்துட்டுச் சொல்லுதேன்," என்றேன்.

சுத்தமாக இருந்தது

நாலு வண்டியையும் நகர்த்த வெகு நேரம் ஆனது. டிரைவர் பக்கம், அந்தப் பக்கம், பின்னால் சீட்டு என்ற பேரில் இருந்த சின்னக் குழிகள் இரண்டுக்கும் உள்ள பெல்ட்டு, எல்லாவற்றையும் கடைசி முழம் வரைக்கும் இழுத்துப் பார்த்தேன். டிக்கிக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். கிளச்சில் கொஞ்சம் வேலை இருந்தது, ஒரு டயர் மாற்ற வேண்டும். இரண்டையும் சொல்லி விலையைக் குறைத்தேன். அதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

"வாங்கு," என்றேன்.

செண்பகத்தைப் பின்னால் ஏற்றத்தான் பெரும்பாடு. முன்சீட்டை மடக்கி, பக்கவாட்டில் நுழைந்து, முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தாள். "இதுக்கு நானே பொட்டலமாயிருவேன் போலிருக்கு," என்றாள். கோமு ஓட்டினாள். நான் பக்கத்தில். பழக்கத்தில் என் கை நடுக் கண்ணாடியைத் திருத்தப் போனது, பின்சீட்டு தெரிகிற மாதிரி. கோமு என் கையைத் தட்டிவிட்டு, பின்னால் வரும் ரோடு தெரிகிற மாதிரித் திருப்பிக்கொண்டாள்.

வண்டிக்குக் கெடு இன்னும் சில மாதத்தில் முடிகிறது. அதற்குப் பிறகு என்ன வண்டி என்று அவளே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதுவரைக்கும் இரண்டு தடவை பின்னாலேயே ஆட்கள் வந்திருக்கிறார்கள், இரண்டு தடவையும் எனக்குப் போன் செய்தாள். எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதும் உண்மைதான். அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

வண்டி வீட்டுக்கு வந்த வாரம், வெள்ளிக்கிழமை, மறுபடியும் கீழே போய் அரளியும் நந்தியாவட்டையும் பறித்துவந்தேன். செண்பகம் தாள் எடுத்து வைத்திருந்தாள், குத்திக்காட்டத்தான் என்று எனக்குப் புரிந்தது. தாளை வாங்கி மடித்து அலமாரிக்கு மேலே போட்டேன். இரண்டு பூவையும் கலந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, அம்மன் காலடியில் கொட்டினேன். பிறகு நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன்.